என் உழைப்புக்கும் எடை போட்டேன்

நான் குன்னூரில் வசிக்கும் சாதாரண குடும்பத் தலைவி. பிளஸ் டூ வரைதான் படிப்பு. என் வீட்டுக்காரர் டீ பேக்டரியில் எலக்ட்ரீஷியன். ஒரு மகள், கூடவே மாமியார். நாலு வருஷமாக வீட்டிலிருந்தபடியே ஒரு கைத்தொழில் செய்து வருகிறேன். அதில் நான் பட்ட அடியும் கற்ற பாடமும் என்னைப் போன்ற சகோதரிகளுக்குப் பயன்படட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொழில் என்ன தெரியுமா? கண்ணாடியை உருக்கி ஒட்டித் தட்டு, கிண்ணம், சுவரில் மாட்டும் அலங்காரப் பொருட்கள் செய்வது. 'ஃப்யூஸ்டு கிளாஸ்' என்பார்கள். வாயால் ஊதிச் செய்வது இல்லை. கண்ணாடியை வேண்டிய அளவில் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, கரண்டில் எரியும் சின்னச் சூளைக்குள் வைத்தால், சுமார் 800 டிகிரி சூட்டில் இரண்டும் இளகி ஒன்றாகி விடும். நம் பாஷையில் சொன்னால் வெல்லப் பாகு மாதிரிதான். 700 டிகிரியில் ஓரம் மட்டும் மழுங்கும். 800-ஐத் தொட்டால் பாகாகி ஒட்டிக்கொள்ளும். பதம் தப்பினால் பாகு கெடுவது போலவே இதுவும் கெடும்.

பெங்களூரில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா இதை மூன்று நாள் வகுப்பாக நடத்தினார். பொழுது போகட்டுமே என்று போனேன். திரும்பி வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடம் பழைய சூளை 42,000 ரூபாய்க்கு இருப்பதாகத் தெரிந்தது. கையில் ஏது அவ்வளவு பணம்? என் கழுத்துச் செயினை வங்கியில் அடகு வைத்தேன்.

மாமியாருக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "உடைஞ்ச கண்ணாடியை வீட்டுல வெச்சா தரித்திரம்னு சொல்லுவாங்க. நீ என்னன்னா மூட்டை மூட்டையாக் கொண்டாந்து வெக்கற. இருந்த செயினும் போச்சு" என்றார். என்ன பதில் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தேன்.

கண்ணாடிக்கு எங்கே போவேன் என்று கேட்பீர்கள். வெளிநாட்டு வண்ணக் கண்ணாடி நம் கைக்கு எட்டாத விலை. ஜன்னல் கண்ணாடி விற்கும் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் குறைந்த விலைக்குத் தருவார்கள். ஜாம், சாஸ் பாட்டில்களும் உதவும். மது பாட்டில்கள் முன்பெல்லாம் எங்கள் மலையில் ரோட்டோரம் குவிந்து கிடக்கும். காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபடி, 2022 மே மாதம் முதல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் சேர்த்து வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்கிறார்கள். அதனால் அந்த பாட்டில் எனக்கு இப்போது அதிகம் கிடைப்பதில்லை. போகட்டும், யானையின் கால் தப்பித்ததே!

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எல்லாக் கண்ணாடியும் ஒரே ஜாதி இல்லை. சூட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு விரியும், ஆறும்போது ஒவ்வொரு அளவு சுருங்கும். ஜன்னல் கண்ணாடியோடு பச்சை பாட்டில் துண்டைச் சேர்த்து உருக்கினால் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்து அலமாரியில் தானாகவே விரிசல் விடும். ஆரம்பத்தில் எனக்கு இப்படி எத்தனையோ போயிற்று. ஒரு பொருளுக்கு ஒரே கண்ணாடி என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வண்ணக் கண்ணாடி இல்லாத குறையை எங்கள் மலையே தீர்த்து வைத்தது. பெரணி இலையைப் புத்தகத்துக்குள் வைத்து நன்றாகக் காய வைப்பேன். இரண்டு ஜன்னல் கண்ணாடிகளுக்கு நடுவில் அதை வைத்துச் சூளையில் மெதுவாகச் சூடேற்றினால், இலை எரிந்து சாம்பலாகி, அதன் நரம்பும் விளிம்பும் வெள்ளைக் கோலம் போலக் கண்ணாடிக்குள் நின்றுவிடும். அவசரமாகச் சூடேற்றினால் புகை வெளியேற வழியில்லாமல் குமிழி கட்டும். தேயிலையில் இரண்டு இலை ஒரு மொட்டாகக் கிள்ளி இப்படி ஒரு தட்டு செய்தேன். சுற்றுலா வந்த ஒரு அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கீழே வைக்கவே இல்லை.

செய்யக் கற்றுக்கொண்டேனே தவிர விற்கக் கற்றுக்கொள்ளவில்லை. சொந்தக்காரர்கள் வந்தால், "அட, நல்லா இருக்கே!" என்பார்கள். உடனே காகிதத்தில் சுற்றிக் கொடுத்து விடுவேன். "எவ்வளவு?" என்று யாராவது கேட்டாலே எனக்குக் கூச்சமாகி விடும். "நீங்க பார்த்துக் குடுங்க" என்பேன். பார்த்துக் கொடுப்பவர்கள் எவ்வளவு கொடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஊட்டியில் பரிசுப் பொருள் கடை வைத்திருந்த ஒருவர், விற்ற பிறகு பணம் என்ற பேச்சில் 30 தட்டு வாங்கினார். ஒன்று 250 ரூபாய் என்று விற்று, அதில் 100 ரூபாயை அவர் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆறு மாசம் நடையாய் நடந்தேன். 19 தட்டுக்குப் பணம் வந்தது. மீதி 11 கீறல் விழுந்து, ஓரம் பெயர்ந்து திரும்பி வந்தது. எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாண வீட்டார் தாம்பூலத்தோடு கொடுக்க 60 குங்குமக் கிண்ணம் கேட்டார்கள். ஒன்று 120 ரூபாய். முதல் பெரிய ஆர்டர்! என் சூளையில் ஒரு தடவைக்கு 20 தான் கொள்ளும். முதலில் தட்டையாக ஒட்ட வேண்டும். பிறகு அச்சின் மேல் வைத்து மறுபடி சூடேற்றினால்தான் கிண்ணமாகக் குழியும். ஆக ஆறு தடவை சூளை எரிய வேண்டும்.

கண்ணாடியைச் சூடேற்ற ஐந்தாறு மணி நேரம் என்றால் ஆற விடுவதற்கு அதைப் போல இரண்டு பங்கு நேரம் வேண்டும். 550 டிகிரி பக்கம் கொஞ்ச நேரம் நிறுத்தி, அதற்குப் பிறகு மூடியைத் திறக்காமல் தானாக ஆற விட வேண்டும். மேல் தோல் முதலில் ஆறி, உள்ளே சூடாகவே இருந்தால் கண்ணாடிக்குள் இழுபறி உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உடைத்துவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலை, கடைசி 20 கிண்ணம் சூளையில். மீட்டர் 300 டிகிரி காட்டியது. மத்தியானத்துக்குள் பாலிஷ் போட்டு அனுப்ப வேண்டுமே என்ற பதைப்பு. கொஞ்சமாகத் திறந்தால் சீக்கிரம் ஆறுமே என்று மூடியைத் தூக்கினேன். டிசம்பர் மாசக் குளிர்காற்று ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசையாக. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. 17 கிண்ணம் போய்விட்டது. தப்பித்த மூன்றிலும் உள்ளே கீறல் இருக்கலாம். அவற்றைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர், தரையில் உட்கார்ந்து அழுத என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "கொழுந்து வாடறதுக்கே நாங்க பன்னண்டு மணி நேரத்துக்குக் கொறையாம விடறோம். அவசரப்பட்டா டீ நல்லா வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். கண்ணாடிக்கு மட்டும் நீ ஏன் நேரம் குடுக்க மாட்டேங்கற?" என்றார்.

பொய் சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. மனசைத் திடப்படுத்திக்கொண்டு கல்யாண வீட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். "தப்பு என்னோடதுங்க. 40 தான் இருக்கு. மீதிக்கு வாங்கின அட்வான்ஸைத் திருப்பித் தந்துடறேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "சரிங்க, இருக்கறதை அனுப்புங்க. நெருங்கின சொந்தத்துக்கு மட்டும் குடுத்துக்கறோம்" என்றார். 7,200 வர வேண்டிய இடத்தில் 4,800 வந்தது.

அன்று ராத்திரி மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொலக்கம்பைப் பக்கம் எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். "ஏங்கண்ணு, இந்தக் கிண்ணம் ஒண்ணுக்கு உனக்கு என்ன கூலி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "நாங்க மழையில நனைஞ்சுக்கிட்டுப் பறிச்சாலும் எடை போடற எடத்துல தராசு முள்ளையே பாத்துக்கிட்டு நிப்போம். கால் கிலோவைக் கூட விட மாட்டோம். நீ எடையே போடாம அள்ளிக் குடுக்கறியே. அதான் எனக்கு வயித்தெரிச்சல்" என்றார்.

இத்தனை நாள் அவர் திட்டியது கண்ணாடியை அல்ல, என் ஏமாளித்தனத்தைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் மகளின் பழைய நோட்டில் கணக்கு எழுதினேன். ஒரு பெரணித் தட்டுக்குக் கண்ணாடி 60 ரூபாய். ஒட்டாமல் இருக்க அடியில் பூசும் வெள்ளைக் களிமண் பூச்சு 15. கரண்ட் 20. அட்டைப் பெட்டி 35. உடைந்து போவதற்கு 20. மொத்தம் 150. கடையில் 250-க்கு விற்று, அவர் 100 எடுத்துக்கொண்டால் என் கைக்கு வந்தது 150. அதாவது வெட்டி, கழுவி, அடுக்கி, தேய்த்து இரண்டு மணி நேரம் உழைத்ததற்கு என் கூலி பூஜ்யம்! 19 தட்டு விற்றதாகச் சந்தோஷப்பட்டேனே, சும்மாவே உழைத்திருக்கிறேன். திரும்பி வந்த 11 தட்டில் கைக்காசும் போயிருக்கிறது.

ஊட்டியில் ஒரு கண்காட்சியில் பார்த்தது அப்போது ஞாபகம் வந்தது. தோடர் இனப் பெண் ஒருவர் பூ வேலை செய்த சால்வைகளை விரித்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, இழையை எண்ணி எண்ணிப் போடும் வேலை அது. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த வேலைப்பாடு. ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். அந்த அம்மா கோபப்படவில்லை, விலையைக் குறைக்கவும் இல்லை. "இதுக்கு இத்தனை நாள் ஆச்சு" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டார். அந்த நிதானம் எனக்கு ஏன் வரவில்லை?

இப்போது அந்தத் தட்டு 550 ரூபாய். கடைக்காரர் நூற்றுக்கு 40 என்று 220 எடுத்தாலும் எனக்கு 330 வரும். செலவு போக 180 என் கூலி. வீட்டுக்கு வந்து வாங்கினாலும் அதே 550 தான். வீட்டில் குறைத்துக் கொடுத்தால் என் பொருளை எந்தக் கடைக்காரர் வைத்துக்கொள்வார்? விலை ஏற்றியதும் வாங்குவோர் குறைந்தது உண்மை. முதல் இரண்டு மாசம் பயமாகவே இருந்தது. ஆனால் குறைவாக விற்றும் கையில் காசு நின்றது. அந்தக் கல்யாண வீட்டு அம்மாவே வளைகாப்புக்கு 25 கிண்ணம் கேட்டு மறுபடி போன் செய்தார். விலையைச் சொன்னேன், சரி என்றார். நாள் மட்டும் ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கண்ணாடி வேலை நமக்குப் புதுசும் இல்லை. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கண்ணாடி மணி செய்து கடல் கடந்து அனுப்பினார்களாம். என் மகள் படித்துச் சொன்னாள். அவர்களும் விலை பேசித்தானே விற்றிருப்பார்கள்!

இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கெடுதி. தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத் தேயுங்கள், மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். குழந்தைகள் நடமாடும் இடத்தில் செய்யாதீர்கள். சூளைக்குத் தனி வயரிங்கும் எர்த்தும் வேண்டும். வீட்டு இணைப்பில் தொழில் செய்யலாமா, குடிசைத் தொழிலுக்கான கட்டணம் என்ன என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்பே கேட்டு விடுங்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். கடைக்குப் பொருள் கொடுத்தால் எத்தனை, என்ன விலை, உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கண்ணாடிதான் என்றில்லை. ஊறுகாய் போட்டாலும், பிளவுஸ் தைத்தாலும், பூ கட்டினாலும் உங்கள் நேரத்தையும் ஒரு செலவாக எழுதிப் பாருங்கள்.

என் செயின் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. பாதிக் கடனை அடைத்து விட்டேன். மாமியார் இப்போது அக்கம்பக்கத்து வீடுகளில் காலி ஜாம் பாட்டில் கேட்டு வாங்கி, கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்கிறார். நேற்று ஒரு அம்மா தட்டு வாங்க வந்து, "கொஞ்சம் கொறைச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது: "கொறையாதுங்க!"

- ஒரு வாசகி, குன்னூர்.