உங்கள் பிள்ளைக்கு ஆபரேஷனா? சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள்!

ஆபரேஷன் என்றால் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும். வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி இல்லாத பிள்ளைக்கு எப்படி இருக்கும்? தெரியாத இடம், தெரியாத முகங்கள், பசி, ஊசி... இதெல்லாம் எதற்கு என்று கேட்கவும் அதற்குத் தெரியாது.

ஏற்காடு மலையில், கிளியூர்ப் பக்கத்துத் தாய்மார்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "டாக்டரய்யா, குடலிறக்க ஆபரேஷனுக்கு சேலத்துல தேதி குடுத்துட்டாங்க. சொன்னா இவன் ஊரைக் கூட்டிருவான். கடைக்குப் போலாம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

வேண்டவே வேண்டாம்! பொய் சொல்லிக் கூட்டிப் போனால், பிறகு தையல் பிரிக்கக்கூட அந்தப் பிள்ளை பஸ் ஏறாது.

எப்படிச் சொல்வது?

சில நாட்கள் முன்பே ஆரம்பியுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். "பஸ்ஸுல போறோம். பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் மூக்குல மூடி வைப்பாரு. தூக்கம் வரும். வயித்து வீக்கத்தைச் சரி பண்ணுவாரு. அப்புறம் வீட்டுக்கு வந்துருவோம்." தினமும் இதே வார்த்தைகள், இதே வரிசை. அடுத்து என்ன என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

முதலில் பரிசோதனைக்குப் போகும்போது அனுமதி கேட்டு, வார்டு, கட்டில் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வந்து காட்டுங்கள். பொம்மையின் மூக்கில் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து மூடி விளையாடுங்கள். பிறகு அதை அவனே உங்கள் மூக்கில் வைக்கட்டும்!

"வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சுருக்குனு இருக்கும், அப்புறம் சரியாயிடும்" என்பதே நிஜம். "கண் முழிக்கும்போது அம்மா பக்கத்துல இருப்பேன்" என்று வாக்குக் கொடுக்கும் முன், அதற்கு அனுமதி உண்டா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் ஒரு தாள்

பிரிட்டனில் இப்படிப்பட்டவர்களுக்கு 'ஆஸ்பத்திரி பாஸ்போர்ட்' என்று ஒன்று எழுதித் தருகிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று பகுதிகள். கட்டாயம் தெரிய வேண்டியது சிவப்பில். அடுத்த முக்கியமானவை மஞ்சளில். பிடித்தது, பிடிக்காதது பச்சையில். நீங்களும் ஒரு தாளில் எழுதலாம். வலிப்பு உண்டா? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? ஒன்றுக்கு வந்தால் எப்படிச் சொல்வான்? எந்தச் சத்தத்துக்கு மிரளுவான்? எந்தத் துண்டு இல்லாமல் தூங்கமாட்டான்? நர்ஸம்மாவுக்கு இந்தத் தாள் பெரிய உதவி.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை என்றால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். இவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கும். சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும். கழுத்தை எப்படித் திருப்புவது என்பதில் அவர் எச்சரிக்கையாக இருப்பார்.

மயக்க மருந்துக்கும் பத்தியம்

சித்த மருந்துக்குப் பத்தியம் உண்டல்லவா? மயக்க மருந்துக்கும் உண்டு. வெறும் வயிறுதான் அந்தப் பத்தியம்! பொதுவாக, சாப்பாடும் பாலும் 6 மணி நேரம் முன்போடு சரி. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை தரலாம். உங்கள் டாக்டர் சொல்லும் கணக்கே முடிவு. பால் காப்பி தண்ணீர்க் கணக்கில் வராது. வயிற்றில் உணவு இருந்தால், மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். உயிருக்கே ஆபத்து!

இந்தப் பிள்ளைகளிடம் இதில் கூடுதல் கவனம் வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர் பாவம் பார்த்து ஒரு பிஸ்கட் கொடுத்தால் வாங்கித் தின்றுவிடும். தின்றதைச் சொல்லத் தெரியாது. அதனால் ஒருவர் கூடவே இருங்கள். தப்பித்தவறி எதையாவது தின்றுவிட்டால் மறைக்காதீர்கள். ஆபரேஷன் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம். ஞாபகசக்திக்கு வல்லாரை, தெம்புக்கு அமுக்கரா என்று பல வீடுகளில் கொடுக்கிறார்கள். அமுக்கரா மயக்கத்தைக் கூட்டக்கூடும். பூண்டு லேகியம் போன்றவை ரத்தப்போக்கை அதிகமாக்கலாம். பொதுவாக 2 வாரம் முன்பே மூலிகை மருந்துகளை நிறுத்தச் சொல்வார்கள். சித்த மருத்துவனான நானும் அதையே சொல்கிறேன். ஆனால் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது. ஆபரேஷன் அன்று காலை அதை எப்படிக் கொடுப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மலையிலிருந்து இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். வெறும் வயிற்றோடு அதிகாலையில் பிள்ளையை அதில் உருட்டிக்கொண்டு போகாமல், முதல் நாளே சேலம் போய்விடுங்கள்.

முன்னுரிமை கேளுங்கள்

சிகிச்சையில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டுச் சட்டம். அன்றைய பட்டியலில் முதல் ஆளாக எடுக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். பசியோடு காத்திருக்கும் நேரம் குறையும். அடையாள அட்டையை எடுத்துப் போக மறக்காதீர்கள்.

வலியைச் சொல்லத் தெரியாதே?

முகச் சுளிப்பு, கால் உதறல், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா... இந்த ஐந்தையும் பார்த்து வலிக்கு மார்க் போடும் முறையை, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1997-ல் வெளியிட்டார்கள். ஆனால் சில பிள்ளைகள் வலித்தால் சிரிக்கும். சில பேசாமல் சுருண்டு படுக்கும். அது பெற்றவளுக்குத்தான் தெரியும். "இவன் இப்படிக் கிடந்தா வலின்னு அர்த்தம்" என்று நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். முன்சொன்ன தாளில் சிவப்புப் பகுதியிலும் எழுதிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் டாக்டர் சொன்ன ஆகாரம் கொடுங்கள். பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். அப்புறம் ஒன்று... சாப்பிட அடம் பிடித்தால், "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுருவேன்" என்று மிரட்டாதீர்கள். அடுத்த வாரமே தையல் பிரிக்க அதே ஆஸ்பத்திரிக்குத்தானே போக வேண்டும்!