சயரோக சிகிச்சை: வீட்டிலா, விடுதியிலா?

சயரோகம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் குடும்பம் முழுவதும் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. நோயாளியை வீட்டில் வைத்திருத்தல் தகாது. நல்ல காற்றும் ஊட்டமான உணவும் நீண்ட ஓய்வும் கிடைக்கும் தனி வைத்தியசாலைக்கு அவரை அனுப்புதலே முறை என்று வைத்தியர்களும் கருதினர். ஆனால் அங்கே கட்டில்கள் சில, நோயாளிகளோ பலர். இடம் கிடையாதவர் என் செய்வார்? வீட்டிலேயே மருந்து கொடுத்தால் நோய் தீருமா? உடனுறையும் குழந்தைகளை அது தொற்றாதா? இக்கேள்விகளுக்கு விடைகாண 1956ஆம் ஆண்டிலே சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. அதன் பெருமையை உணர்வதற்கு, அதற்குத் துணைநின்ற மூன்று துறைகளை நேயர்கள் முதலில் அறிந்துகொள்ளுதல் நன்று.

முதலாவது நுண்ணுயிரியல். இந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்பதை 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பேர்லின் நகரில் றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் அறிவித்தார். நோயாளியின் சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியால் நோக்கினால், இக்கிருமிகள் மெல்லிய சிவந்த கோல்களாய்த் தோன்றும். எனினும், ஒரு மில்லிலீற்றர் சளியில் ஆயிரக்கணக்கான கிருமிகள் இருந்தாலன்றி அவை எளிதிற் கண்ணிற் படா. ஆகவே, சளியை ஊட்டப்பொருளில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பர். வேறு பல கிருமிகள் அரைமணி நேரத்தில் இரண்டாகப் பெருக, இதற்கு ஒரு நாளின் பெரும்பகுதி வேண்டும். முடிவறியப் பல வாரங்கள் காத்திருத்தல் வேண்டும். ஆயினும், கிருமி உயிரோடிருக்கின்றதா என்பதை உறுதியாகச் சொல்லவல்லது இம்முறையே.

இரண்டாவது எக்ஸ்-கதிர்ப் படம். 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் றொன்ட்ஜன் என்னும் அறிஞர் இக்கதிரைக் கண்டறிந்தார். காற்று நிறைந்த சுவாசப்பையைக் கதிர் எளிதாக ஊடுருவுவதால் அப்பகுதி படத்திற் கருமையாகத் தெரியும். நோயுற்று இறுகிய இடம் வெண்ணிழலாக விழும். ஆனால், ஆறிப்போன பழைய வடுவும் நிழல் தரும். நிழல் மாத்திரம் கண்டு நோய் இன்னும் உயிர்ப்புடன் உள்ளதென்று சொல்லுதல் அரிது. எனவே படமும் சளிப் பரிசோதனையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிற்கின்றன.

மூன்றாவது தாதியர் பணி. மருந்து சிறந்ததாயினும் விழுங்கினாலன்றிப் பயன் தராது. சில மாதங்களில் இருமல் தணிந்து உடல் தேறியதும், குணமாகிவிட்டது என்றெண்ணி மருந்தை நிறுத்துவோர் பலர். அக்காலத்து மருந்துகளுள் ஒன்றான பாரா அமினோ சலிசிலிக் அமிலம் வயிற்றைக் குமட்டச் செய்வது. இடையில் நிறுத்தினாலோ, எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் தலையெடுக்கவும் கூடும்.

இனி, சென்னை ஆராய்ச்சியைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதிற் கூடி உழைத்தன. நோயாளிகள் 193 பேரைச் சீட்டுப் போடுவதுபோல், எவருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமின்றி, இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் விடுதியிலும், மற்றப் பிரிவினர் தத்தம் வீடுகளிலும் ஓராண்டு காலம் ஒரே மருந்துகளை உட்கொண்டனர். வீட்டிலிருந்தோர் பெரும்பாலும் ஏழைகள். அவர்களுடைய குடியிருப்பு நெருக்கமானது. உணவும் ஓய்வும் விடுதியிற் கிடைத்தவற்றிலும் குறைந்தவை. அவர்களுடைய வீடுகளுக்குப் பணியாளர் எதிர்பாராத வேளைகளிற் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உட்சென்றதா என்று அறிந்தனர். இவ்வாறு வீடு தேடிச் சென்று விசாரித்தலும் ஆராய்ச்சியின் இன்றியமையாத அங்கமாயிற்று.

1959ஆம் ஆண்டில் வெளியான முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. வீட்டில் மருந்துண்டோரும் ஏறக்குறைய விடுதியிலிருந்தோரைப் போலவே குணமடைந்தனர். ஐந்தாண்டுகள் கவனித்து வந்தபோது, அவர்களுடன் வாழ்ந்த உறவினருக்கும் அதனால் மிகுதியான தீங்கு நேரவில்லை. காரணம் யாது? நோய் பெரும்பாலும் பரவுவது அது கண்டறியப்படுவதற்கு முன்னரே. தக்க மருந்து தொடங்கியபின் தொற்றும் ஆற்றல் விரைவிற் குன்றுகின்றது.

இம்முடிவு, தாயைக் குழந்தையினின்றும், உழைப்பவனைக் குடும்பத்தினின்றும் நெடுங்காலம் பிரித்துவைக்கும் வழக்கத்தைத் தளரச் செய்தது. அன்றைய ஆராய்ச்சி நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சென்னையில் இயங்குகின்றது. ஓராண்டுக்கு மேலும் நீண்ட சிகிச்சை, பெரும்பாலோர்க்கு ஆறு மாதங்களாகச் சுருங்கிவிட்டது. கிருமியின் மரபுப்பொருளை இரண்டு மணி நேரத்திற் கண்டறியும் பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்றுக்கொண்டது. இருந்தும் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயால் மடிகின்றனர்.

ஆதலின் நேயர்களே, இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் மறைக்காது சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அயலவருக்கு இந்நோய் கண்டால் அவரை ஒதுக்காதீர்கள். மருந்தை இறுதிவரை உண்ணுமாறு அன்போடு வற்புறுத்துங்கள். நுணுக்குக்காட்டியும் எக்ஸ்-கதிரும் நோயைக் காட்டும். நோயாளியை மருந்து முடியும்வரை தாங்கி நடத்துவது மனிதரின் கடமை.