பெங்களூரின் 080

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் எண் ஒரு வகை. மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துச்சரம் வேறொரு வகை. இரண்டையும் கூட்டினாலோ கழித்தாலோ பைத்தான் மொழி பிழை காட்டி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் நிற்காது, ஒன்றைத் தானாகவே மற்றதன் வகைக்கு மாற்றிக்கொண்டு மேலே போகும்.

எதை எதுவாக மாற்றுவது என்பதைக் கணக்குக் குறி தீர்மானிக்கிறது. பெங்களூர் பொது அஞ்சலகத்தின் பின்கோடு 560001. இணையப் படிவத்தின் பெட்டியில் தட்டுவது நிரலுக்குச் சரமாகவே வந்து சேரும். அந்த "560001" உடன் 1 கூட்டினால் விடை 560002 அல்ல, "5600011". + குறிக்குச் சரங்களை ஒட்டும் வேலையும் உண்டு. ஒரு பக்கம் சரம் இருந்தாலே அது ஒட்டத் தொடங்கிவிடும். கழித்தல் குறிக்கு அப்படி இரண்டாவது வேலை இல்லை. அதனால் 1 கழித்தால் 560000 சரியாக வரும்.

நகரின் தொலைபேசிக் குறியீடான 080 இன்னும் சிக்கலானது. இரண்டும் சமமா என்று == குறியால் "080" == 80 எனக் கேட்டால் சரம் எண்ணாகி, முன்னுள்ள பூஜ்யம் உதிர்ந்து, 'உண்மை' என்று பதில் வரும். 80 == "80" என்பதும் உண்மை. ஆனால் "080" == "80" பொய்! இருபுறமும் சரம் என்பதால் அங்கே மாற்றமே நடப்பதில்லை.

பழைய உலாவிகள் பலவற்றில் சரத்தை முழு எண்ணாக்கும் பார்ஸ்இன்ட் என்னும் செயற்கூறு, பூஜ்யத்தில் தொடங்குவதை எட்டடிமான எண்ணாகப் படித்தது. எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கம் கிடையாது. ஆகவே "080" வெறும் 0 ஆனது. சென்னையின் "044" 36 ஆனது. 2009-இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தரத்தின் ஐந்தாம் பதிப்பு இந்த வழக்கத்தை நீக்கியது.

பிரெண்டன் ஐக் 1995-இல் நெட்ஸ்கேப்பில் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். சரத்தையும் எண்ணையும் நேராக ஒப்பிடும் வசதி, அங்கிருந்த தொடக்ககாலப் பயனர்கள் கேட்டதால் சேர்ந்தது. வகை மாற்றாமல் ஒப்பிடும் === 1999-இல் தரத்துக்குள் வந்தது; இன்று எழுதுவோர் அதையே பழகுவது நல்லது. பின்கோடும் தொலைபேசிக் குறியீடும் அளவுகள் அல்ல, அடையாளங்கள். அவற்றைக் கடைசிவரை சரமாகவே வைத்திருக்க வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டின் மேல் கட்டி மைக்ரோசாஃப்ட் 2012-இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட் மொழி, நிரல் ஓடுமுன்பே வகைகளைச் சோதிக்கிறது. "560001" இலிருந்து 1 கழிப்பதை அது பிழை என்று தடுக்கும். தவறான விடை தரும் கூட்டலை மட்டும், சரம் ஒட்டும் வழக்கம் பரவலாக இருப்பதால், இன்றும் அனுமதிக்கிறது.