அண்ணாந்து பார்க்க ஒரு சரணாலயம்

ஆப்பிரிக்கச் சரணாலயம் என்றதும் திறந்த ஜீப்பும், பரந்த புல்வெளியும், தூரத்தில் மேயும் காண்டாமிருகமும்தான் கண்முன் வரும். டிவி நம்மை அப்படிப் பழக்கிவைத்திருக்கிறது. மதுரைக் கோச்சடைக்காரர்கள் அருகிவரும் விலங்கொன்றைப் பார்க்கக் கென்யாவரை போக வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினால் போதும். ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு. அங்கே கழுத்துக்குத்தான் வேலை.

பார்க்கப்போவது சாம்பல் நிற மலை அணில். இந்தியாவிலும் இலங்கையிலும் தவிர வேறெங்கும் கிடையாது. இதற்காகவே 1988இல் சரணாலயம் அமைத்தார்கள். நம் மதுரை மாவட்டத்துச் சாப்டூர் காடும் அதில் சேர்த்தி.

வீட்டு அணிலோடு இதைக் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. முதுகில் ராமர் கோடு கிடையாது. எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். பழுப்புச் சாம்பல் உடம்பில் மயிர் நுனிகள் மட்டும் வெளுத்திருப்பதால், நரை விழுந்த பெரியவர்போலத் தெரியும். வாலின் நீளம் ஏறக்குறைய உடம்பின் நீளம். அந்த வால் வெறும் அழகுக்கல்ல. பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கி, முன்னங்கைகளில் புளியங்காயைப் பிடித்துக் கொறிக்கும்போது, கிளைக்கு மறுபுறம் வால் தொங்கி எடையைச் சமன்செய்கிறது.

தரைக்கு அரிதாகவே இறங்கும். கூட்டைக்கூட இரண்டு மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று உரசும் இடமாகப் பார்த்துத்தான் கட்டும். கழுகு வந்தால் அடுத்த மரத்துக்குத் தாவ வேண்டுமே! ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. காட்டை மொட்டையடிக்க வேண்டியதில்லை, நடுவில் நாலு மரம் விழுந்தாலே அதன் பாதை அறுந்துவிடும். இறங்கி ஓடினால் நாய் காத்திருக்கும். அதனால் காட்டைக் காத்தால் மட்டும் போதாது, அடிவாரத்து மாந்தோப்பும் புளியமரமும் நிற்க வேண்டும் என்பேன். அது தின்னும் காய்க்காகத் தோப்புக்காரர் முகம் சுளிப்பது நியாயம்தான். ஆனாலும் மரம் இருக்கட்டும்.

2021இல் இந்தச் சரணாலயத்தையும் மேகமலையையும் இணைத்துப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். தமிழகத்தில் இது ஐந்தாவது. வைகை பிறப்பதும் இந்த மலைகளில்தான். கோச்சடையை ஒட்டி ஓடும் ஆற்றில் தண்ணீர் வருவதற்கும் அந்தக் காடுதான் ஆதாரம்.

போவதென்றால் விடியற்காலையில் போங்கள். வெயில் ஏறிவிட்டால் அணில் கிளையோடு கிளையாகப் படுத்துவிடும். வனத்துறையினரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே செல்லுங்கள். முறுக்கு, பிஸ்கட் எதையும் நீட்டாதீர்கள். அதற்கு வேண்டியது மரத்திலேயே இருக்கிறது.