குழந்தை வரம்: தண்ணீரையும் வேலையையும் விசாரியுங்கள்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறுகிறவர்களில் குழந்தை வேண்டி வருகிற தம்பதிகள் நிறைய. நகரி, புத்தூர்ப் பக்கத்துக் காவடிகளிலும் இதே வேண்டுதல் உண்டு. கல்யாணமாகி ஒரு வருஷம் போனால் இந்தப் பக்கம் “விசேஷம் உண்டா?” என்பார்கள், ஆந்திர எல்லை தாண்டினால் “ஏமைனா விசேஷமா?” எந்த மொழியில் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவள் பெண்தான். அவள் எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தாள், எந்தச் சாயத்தில் கை வைத்து வேலை செய்கிறாள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

தாய் வயிற்றிலேயே உருவாகும் முட்டைகள்

பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் பிறக்கும் முன்பே உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை ஏறக்குறைய 400. ஆணின் விந்தணுவைப் போல இவை புதிது புதிதாக உற்பத்தியாவதில்லை. ஆகவே கர்ப்பிணியின் உடம்பில் சேரும் ரசாயனம், வயிற்றிலுள்ள மகளின் முட்டைகள் வரை போக முடியும்.

கர்ப்பிணியின் உடம்பில் சேர்வது மகளைப் பாதிக்கும் என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி ஒரு மாத்திரை. டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, 1940களிலிருந்து அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1971-ல்தான் அது கூடாது என்று எச்சரித்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்கள் அம்மாக்கள். கருப்பைக் கோளாறும் குழந்தையின்மையும் வந்து சேர்ந்தது மகள்களுக்கு.

ராணிப்பேட்டையின் மஞ்சள் தண்ணீர்

திருத்தணியிலிருந்து அரக்கோணம் வழியாகப் போனால் ராணிப்பேட்டை அதிக தூரமில்லை. தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு அங்கேயே கிடந்தது. மழையில் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது குரோமியத்தின் கொடிய வடிவமான ஆறு இணைதிற குரோமியம். அது கூடினால் தண்ணீரே மஞ்சளாகும். தோல் ஆலைக் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

இந்தக் குரோமியம் சூலகத்தை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர்களில் சென்னைப் பல்கலைக்கழகத் தரமணி வளாகத்தின் மைக்கேல் அருள்தாஸ் குழுவினர் முக்கியமானவர்கள். பாலூட்டும் தாய் எலிகளின் குடிநீரில் அதைக் கலந்தபோது, குட்டிகளின் சூலக வளர்ச்சி குன்றியது, ஹார்மோன்கள் குறைந்தன, பருவமடைவது தள்ளிப்போனது. வைட்டமின் சி கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது. (அதற்காக நெல்லிக்காய் தின்றால் போதும் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். அவை எலிகள், கொடுத்த அளவும் அதிகம்.)

ராணிப்பேட்டைக் கழிவு பாலாற்றுப் படுகையின் பிரச்சினை. திருத்தணியின் நந்தியாறு கலப்பது கொசஸ்தலையில். எனவே திருத்தணிப் பக்கத்தில் வீட்டுக் குழாயைப் பார்த்துப் பதற வேண்டாம். வேலைக்குப் போகும் இடம்தான் கவனிக்க வேண்டியது.

சாயமும் பசையும்

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் தறிகளுக்கு நூல் வேண்டும். நூலுக்குச் சாயம் வேண்டும். சில சாயங்களை நிலைக்க வைக்க டைக்ரோமேட் சேர்ப்பார்கள். அதிலும் அதே குரோமியம்தான். சாயப்பட்டறையில் வெறுங்கையோடு நூலை முக்கி எடுப்பதும், அதே கையோடு டிபன் பாக்ஸைத் திறப்பதும் சாதாரணமாக நடக்கிற காரியங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். ஒட்டும் பசையில் டொலுவீன் போன்ற கரைப்பான்கள் உண்டு. நாள் முழுக்க மூக்கில் ஏறும். பின்லாந்தில் 1990களில் நடந்த ஆய்வில், இத்தகைய கரைப்பான்களை அதிகம் சுவாசித்த பெண்களுக்குக் கருத்தரிக்கக் கூடுதல் காலம் பிடித்தது. அவர்களில் காலணித் தொழிலாளர்களும் இருந்தார்கள். கையுறையும் காற்றோட்டமும் முதலாளி தர வேண்டியவை. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்கலாம். நாள் தள்ளிப்போன பிறகு கேட்பதைவிட அது நல்லது.

வீட்டில்

குரோமியம், ஈயம் போன்றவை கொதிக்க வைத்தால் போகாது. நீர் வற்ற வற்ற செறிவு கூடவே செய்யும். போர் தண்ணீரைக் குடிப்பவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, குரோமியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சூட்டில் பிளாஸ்டிக்கின் ரசாயனமும் உணவில் இறங்கலாம்; 2019 ஜனவரி முதல் தடை இருந்தும் சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டித்தான் தருகிறார்கள். தூக்குவாளி கொண்டு போங்கள்.

டாக்டரிடம் போகும்போது

ஒரு வருஷம் முயன்றும் கரு தங்காவிட்டால் பரிசோதனை தேவை. 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே போகலாம். தைராய்டு, நீர்க்கட்டி, காசநோயால் அடைபட்ட கருக்குழாய் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். எல்லாப் பழியையும் ரசாயனத்தின் மேல் போட்டு இவற்றைத் தவறவிடுவது பெரிய ஆபத்து. ஆனால் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் சாயப்பட்டறை தெரியாது. என்ன வேலை, எத்தனை வருஷம், எந்தத் தண்ணீர் என்று நீங்களாகத்தான் சொல்ல வேண்டும்.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் குறை இருக்கிறது. கரும்புத் தோட்டத்தில் மருந்தடிப்பவர், பேட்டரிக் கடையில் ஈயம் உருக்குபவர் எல்லாம் இதில் வரலாம். பெண்ணின் வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப்பி பார்க்கும் முன், கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். செலவு குறைவு, வலியும் கிடையாது.