நீர்க்கட்டி என்னும் பிழைப்பெயர்

எங்கள் கல்லூரி மாணவரொருவரின் தந்தையார், தம் மகளின் ஸ்கேன் அறிக்கையுடன் வந்தார். ‘சினைப்பையில் நீர்க்கட்டிகள்’ என்றிருந்தது. “கட்டியை அறுத்து எடுத்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டியதில்லையே, ஹஜ்ரத்?” என்றார். நான் மருத்துவனல்லன், ஆயினும் அவருடைய வினாவிலிருந்த பிழை பெயரால் விளைந்தது என்று பட்டதால் தேடிப் படிக்கலானேன்.

அரபியில் ‘கீஸ்’ என்றால் பை. அதன் வழிவந்த ‘தகய்யுஸ்’ என்னும் சொல்லால் அரபு மருத்துவ நூல்கள் இந்நிலையைக் குறிக்கின்றன. தமிழிலோ பை, கட்டியாகிவிட்டது. 1935இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவெந்தால் என்னும் மருத்துவர் இருவர் ஏழு பெண்களிடம் கண்டு எழுதியவை உண்மையில் கட்டிகளே அல்ல. கருமுட்டையைத் தாங்கி வளர வேண்டிய நுண்பைகள் பாதிவழியில் நின்றுபோனவை.

ஏன் நின்றன? நுண்பையின் சுவரில் இருவகைச் செல்கள் உள்ளன. புறத்தேயுள்ள தீக்கா செல்கள் கொலஸ்ட்ராலிலிருந்து ஆண்ட்ரோஜனை ஆக்குகின்றன. அகத்தேயுள்ள கிரானுலோசா செல்கள் அரோமட்டேஸ் என்னும் நொதியால் அதனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. ஆக, ஆண் ஹார்மோன் என நாம் அழைப்பது பெண்ணுடலில் அந்நியப் பொருளன்று. பெண் ஹார்மோனின் மூலப்பொருளே அதுதான். கோளாறு அளவில் இருக்கிறது.

அவ்வளவைப் பெரிதும் தீர்மானிப்பது மரபணு வெளிப்பாடு. ஒரே கிதாபு எல்லா மதரஸாக்களிலும் இருக்கலாம்; எந்தப் பாடம் எத்தனை முறை ஓதப்படுகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆண்ட்ரோஜனை ஆக்கும் சி.ஒய்.பி.17.ஏ.1 என்னும் மரபணு நலமான சினைப்பையிலும் உண்டு. பாதிப்புற்ற சினைப்பையின் தீக்கா செல்களில் அது மிகுதியாக ‘ஓதப்படுகிறது’. வியப்பு யாதெனில், அச்செல்களை உடலிலிருந்து பிரித்து ஆய்வுக்கூடத்தில் பல தலைமுறை வளர்த்தபோதும் அவ்வழக்கம் மாறவில்லை. 2014இல் ஜான் மெக்அலிஸ்டர் குழுவினர் டென்டு1ஏ மரபணுவின் ஒரு வடிவத்தை நலமான தீக்கா செல்களில் மிகுவித்தபோது, அவையும் பாதிப்புற்றவை போன்றே நடந்துகொண்டன. இன்சுலின் மிகுந்தால் இப்போக்கு மேலும் வலுப்பெறும். உடற்பருமன் நிலைமையை மோசமாக்கும் என்பது மெய். ஆனால் மெலிந்த பெண்களுக்கும் இது வருகிறது. பெண்ணின் சோம்பலைக் காரணமாக்கும் மாமியார்கள் இதனை அறிவது நன்று.

கிரானுலோசா செல்களிலோ ஏ.எம்.எச். என்னும் ஹார்மோன் மிகுந்து, நுண்பையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனின் தூண்டலை மழுங்கச் செய்கிறது. முட்டை முதிர்வது தடைப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணிப்பில், கருவுறும் வயதிலுள்ள பெண்களில் 8 முதல் 13 விழுக்காட்டினர் இந்நிலையில் இருந்தனர். ஒளித்துவைக்கும் அளவுக்கு அரிதானதன்று.

அறுவைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்டெயினும் லெவெந்தாலும் சினைப்பையில் ஆப்பு வடிவத் துண்டொன்றை வெட்டியெடுத்தனர். எழுவருக்கும் மாதவிடாய் சீரானது, இருவர் கருவுற்றனர். ஆனால் இவ்வறுவையால் உள்ளுறுப்புகள் ஒட்டிக்கொள்ளும் தீங்கு நேர்ந்ததால் அம்முறை கைவிடப்பட்டது. இன்று குழந்தைப்பேறு நாடுவோர்க்கு முதலில் தரப்படுவது லெட்ரோசோல் மாத்திரை. அது அரோமட்டேஸைச் சில நாள் மட்டுப்படுத்துகிறது; ஈஸ்ட்ரோஜன் குறைந்ததை உணர்ந்த மூளை எஃப்.எஸ்.எச். ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கச் செய்கிறது. பலருக்கு, தேங்கும் வளர்ச்சி மீண்டும் தொடர்ந்து முட்டை வெளிப்படுகிறது.

அறுத்தெடுக்க அங்கே கட்டி எதுவும் இல்லை என்று அந்தத் தந்தையிடம் சொன்னேன். மகளையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் மீண்டும் போய்வருவதாகச் சொல்லி எழுந்தார்.