பனி மூடிய காட்டைப் படம் பிடிப்போம்



மூடுபனி நமக்குப் புதியதன்று. கேமரன் மலைக்குச் சென்று வந்தவர்கள் அதை நன்கு அறிவார்கள். அங்கே மலையைத் தொட்டுச் செல்லும் மேகமே நம்மைச் சூழ்ந்துகொள்கிறது. ஆனால் அந்தக் காடு ஆண்டு முழுவதும் பச்சை. இலைகள் மஞ்சளாகி, செம்பு நிறமாகி, சில வாரங்களில் மரங்கள் வெறுங்கிளைகளோடு நிற்கும் காட்சியைக் காண நாம் குளிர்நாடுகளுக்குத்தான் செல்ல வேண்டும். படிப்புக்காகவும் பணிக்காகவும் நம்மவர்கள் பலர் இங்கிலாந்து செல்கிறார்கள். கையில் கேமராவோ கைப்பேசியோ இல்லாதவர் அரிது. எனவே, பனி மூடிய இலையுதிர்காட்டைப் படம் பிடிப்பது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

லண்டன் மாநகரின் வடகிழக்கு ஓரத்தில் எப்பிங் காடு இருக்கிறது. ஏறத்தாழ 2,400 ஹெக்டர் பரப்புடையது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காத்தது. 1882இல் விக்டோரியா அரசியார் நேரில் வந்து, அது மக்களுக்கே உரியது என்று அறிவித்தார். பீச், ஹார்ன்பீம், ஓக் ஆகிய மரங்கள் அங்கே மிகுதி. முற்காலத்தில் ஊரார் விறகுக்காக இம்மரங்களை ஆள் உயரத்துக்கு மேலே வெட்டுவார்கள், அடிமரத்தை விட்டுவிடுவார்கள். அச்சட்டத்துக்குப் பின் அவ்வழக்கம் நின்றது. அன்று துளிர்த்த கிளைகள் இன்று பெருங்கிளைகளாகிவிட்டன. குட்டையான அடிமரத்திலிருந்து பல கைகள் நீள்வதுபோல் அம்மரங்கள் நிற்கின்றன. சுரங்க ரயிலில் லோட்டன் நிலையத்தில் இறங்கினால் காட்டுக்கு நடந்தே போய்விடலாம்.

நாங்கள் இருவர், சில காலம் லண்டனில் தங்கியிருந்தபோது, அந்தக் காட்டுக்குப் போனோம். முதல் நாள் காலை 10 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், பனி கலைந்துவிட்டது. அடுத்த வாரம் விடியுமுன்னே போனோம். பனியும் இருந்தது, நிறமும் இருந்தது. அறுபது படங்கள் எடுத்தோம். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் எல்லாம் சாம்பல் பூசியதுபோல் இருந்தன. மனம் பொறுக்கவில்லை. நிறத்தைக் கூட்டினோம், பனியைக் குறைத்தோம். இலைகள் மஞ்சளும் குங்குமமும் கொட்டியதுபோல் மின்னின. அதை எங்கள் வீட்டுக்கார அம்மையாரிடம் பெருமையோடு காட்டினோம். சிறுவயது முதல் அந்தக் காட்டில் நடந்தவர் அவர். சற்று நேரம் பார்த்துவிட்டு, "அழகாகத்தான் இருக்கிறது. இது எந்த நாட்டுக் காடு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் எங்களுக்குப் பாடம். நாங்கள் செய்த பிழை என்ன? அதை அறிய, பனி செய்யும் வேலையை முதலில் அறிய வேண்டும்.

இலையுதிர் காலத்தில் இரவு நீண்டது. வானம் தெளிவாகவும் காற்று அசையாமலும் இருக்கும் இரவில், தரை தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி நுண்ணிய நீர்த்துளிகளாகி மிதக்கிறது. இதுவே மூடுபனி. 1,000 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலையைத்தான் வானிலையாளர் மூடுபனி என்பர். வெயில் ஏறியதும் அது கலையத் தொடங்கும். நவம்பர் தொடக்கத்தில் அங்கே சூரியன் காலை 7 மணியளவில்தான் உதிக்கும். எனவே, முந்திய இரவு விண்மீன்கள் தெளிவாகத் தெரிந்து, காற்றும் அடங்கியிருந்தால், விடியுமுன் புறப்பட்டுவிட வேண்டும்.

இந்த நீர்த்துளிகள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. அதனால்தான் பனி வெண்மையாகத் தெரிகிறது. அருகிலுள்ள மரத்துக்கும் நமக்கும் இடையே பனி குறைவு. எனவே அது கருமையாகவும் நிறத்தோடும் தெரியும். அடுத்த மரம் சற்று வெளுத்திருக்கும். அதற்கும் அடுத்தது நிழல்போல் இருக்கும். வெயில் நேரத்தில் ஆயிரம் கிளைகள் ஒன்றோடொன்று பின்னி நம் கண்ணைக் குழப்பும். பனியோ அவற்றைப் படிப்படியாகப் பிரித்து வைக்கிறது, வேண்டாதவற்றை மறைக்கிறது. படத்தின் ஆழம் அதனால்தான் பிறக்கிறது. நாங்கள் அந்தப் பனியைக் குறைத்தபோது, அந்த ஆழத்தையும் சேர்த்தே அழித்துவிட்டோம்.

இனி நிறத்துக்கு வருவோம். கோடையில் இலையிலுள்ள பச்சையம் மற்ற நிறங்களை மறைத்திருக்கும். குளிர் நெருங்கும்போது மரம் பச்சையத்தைச் சிதைக்கிறது. ஏற்கெனவே இலையிலிருந்த மஞ்சள் அப்போது வெளிப்படுகிறது. மேப்பிள் போன்ற மரங்களில் காணும் சிவப்பு மட்டும் பெரும்பாலும் அந்தப் பருவத்தில் புதிதாக உண்டாவது. எப்பிங் காட்டின் பீச் இலையோ மஞ்சளாகிப் பிறகு செம்பும் பழுப்புமாக மாறுகிறது. குங்குமச் சிவப்பு அதற்கு இல்லை. அம்மையார் அந்தக் காட்டை அடையாளம் காணாததில் வியப்பில்லை அல்லவா?

அப்படியானால் அந்த அறுபது படங்களும் ஏன் சாம்பலாயின? கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சமுள்ளதாகவே எடுத்துக்கொள்கிறது. வெள்ளைப் பனியை அது சாம்பல் நிறமாக்கிவிடும். ஆகவே கேமரா காட்டும் ஒளியளவுக்கு மேல் முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். கைப்பேசியில் திரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்று உயர்த்தலாம். அளவு மீறினால் பனியின் மெல்லிய வேறுபாடுகள் வெறும் வெள்ளையாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

விடியற்காலையில் வெளிச்சம் குறைவு. ஷட்டர் அரை விநாடிகூடத் திறந்திருக்க நேரும். கை நடுக்கம் படத்தைக் கெடுக்கும். முக்காலித் தாங்கி வேண்டும். நனைந்த இலைகள் வானத்தின் வெளிச்சத்தை எதிரொளித்துப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு இலையின் நிறத்தை மறைக்கும். போலரைசர் என்னும் வடிகட்டியை லென்ஸின் முன் பொருத்தித் திருப்பினால் அது அடங்கி, செம்பு நிறம் தானே வெளிவரும். கணினியில் கூட்டும் நிறத்தைவிட இப்படிப் பெறும் நிறம் மேலானது. இன்னொன்று: குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தால் நம் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதே, அதேபோல் குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்த கேமராவிலும் ஈரம் படியும். பையை உடனே திறக்காதிருப்பது நல்லது.

படத்தை எப்படி அமைப்பது? ஒரு படத்துக்கு ஒரு தலைவன் போதும். முதலில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுப்போம். அதன் அடிமரத்தோடு பின்னாலுள்ள மரம் ஒட்டித் தெரிகிறதா என்று பார்ப்போம். ஒட்டினால் அரை அடி இடமோ வலமோ நகர்ந்தால் போதும். இரண்டுக்கும் நடுவே பனி புகுந்து அவற்றைப் பிரித்துவிடும். கிளைகளுக்கிடையே தெரியும் வெள்ளை வானம் கண்ணைத் தன் பக்கம் இழுக்கும். இயன்றவரை அதை விலக்குவோம். எட்ட நின்று சிறு பகுதியைத் தேர்ந்தெடுக்க 70 முதல் 200 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸ் உதவும். ஷட்டரை அழுத்துமுன் படத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை பார்ப்போம். பாதியில் வெட்டுப்பட்ட கிளை ஒன்று அங்கே ஒளிந்திருக்கும்! ஆனால் நல்ல கோணத்துக்காக முதிய பீச் மரங்களின் அடியை மிதித்துத் திரியக் கூடாது. அவற்றின் வேர்கள் ஆழமில்லாதவை. மண் இறுகினால் மரம் நலிவடையும். படம் ஒரு காலைப் பொழுதில் கிடைத்துவிடும். அந்த மரம் உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆயின.

வீட்டுக்கு வந்தபின் செய்யும் திருத்தம் குற்றமன்று. அமெரிக்காவின் எலியட் போர்ட்டர், மருத்துவம் பயின்று பின்னர் கேமராவைக் கையிலெடுத்தவர். நியூ இங்கிலாந்துக் காடுகளின் வண்ணப் படங்களைக் கொண்ட அவருடைய புத்தகம் 1962இல் வெளிவந்தது. அவர் பெரும்பாலும் கடும் வெயிலை நாடாமல் மென்மையான வெளிச்சத்தையே நாடினார். அச்சிடும்போது மூன்று சாயங்களைத் தனித்தனியே ஏற்றும் முறையைக் கையாண்டு, நிறங்களைத் தாமே சீர்செய்தார். ஆகவே, திருத்தலாமா என்பதன்று கேள்வி. எவ்வளவு என்பதே கேள்வி.

எல்லா நிறங்களையும் ஒருசேரக் கூட்டுவதுதான் தவறு. எல்லாரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசினால் யார் பேச்சும் கேட்காது. எப்பிங் காட்டில் பீச் மரங்களின் கீழே ஹோலிச் செடிகள் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். அந்தப் பச்சையைச் சிறிதளவு தணித்தால், செம்பு நிறத்தைத் தொடாமலே அது எடுப்பாகத் தெரியும். அருகிலுள்ள மரத்தை மட்டும் கருமையாக்கலாம். தொலைவிலுள்ளவற்றை வெளிறியபடியே விட வேண்டும். பனியின் இலேசான நீலக் குளிர்ச்சியை முற்றிலும் போக்கினால் காலைப் பொழுது மாலையாகிவிடும். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம்: நாம் கண்டதை நெருங்குகிறோமா, விட்டு விலகுகிறோமா?

நாங்கள் அந்த அறுபது படங்களில் ஒன்றை எடுத்து, பழைய திருத்தங்களை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினோம். வெளிச்சத்தைச் சற்றே உயர்த்தினோம், பச்சையைத் தணித்தோம், பனியைத் தொடவில்லை. எந்த இடம் என்று சொல்லாமல் அம்மையாரிடம் நீட்டினோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது ஹை பீச் பக்கம்தானே? இந்த மரத்தைத் தாண்டினால் பாதை சரிந்து இறங்கும்" என்றார். படத்தில் பாதை இல்லை. பனி அதை மறைத்திருந்தது. ஆனால் அது அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்தது.